பழைய பிரெஞ்சு வேலை உடையிலிருந்து இன்றைய உடை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நீல நிறத்தில், மூன்று பை வைத்து, லைனிங் இல்லாமல் தைத்த ஒரு காட்டன் ஜாக்கெட். பிரான்சின் ஆலைகளிலும் ரயில் கொட்டகைகளிலும் வயல்களிலும் நூறு வருடத்துக்கு மேல் உழைத்த உடை அது. அதன் வெட்டையும் துணியையும் பார்த்து இன்றைக்குப் போடுகிற உடைகளைத் தைப்பதுதான் எங்கள் சின்னப் பட்டறையின் வேலை. துணி எடுக்க வருபவர்களும் உடை வடிவமைப்பு படிக்கிற பிள்ளைகளும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்து எழுதியிருக்கிறேன்.

பிரெஞ்சு வேலை உடை என்று சரியாக எதைச் சொல்கிறீர்கள்?

பிரான்சில் இதற்குப் பெயர் 'ப்ளு த த்ரவாய்'. தமிழில் 'வேலை நீலம்' என்று வரும். பேச்சில் வெறும் 'ப்ளு', அதாவது 'நீலம்', என்றாலே போதும், புரிந்துகொள்வார்கள். ஜாக்கெட், பேண்ட், மார்புப் பட்டையும் தோள்வாரும் வைத்த முழு உடை எல்லாமே இந்தப் பெயருக்குள் அடங்கும்.

19-ஆம் நூற்றாண்டில் விவசாயிகளும் வண்டிக்காரர்களும் தலைவழியாக மாட்டிக்கொள்ளும் தொளதொள அங்கி ஒன்றைப் போட்டார்கள். அதற்கு 'ப்ளூஸ்' என்று பெயர். லினன் துணி, அவுரிச் சாயம், தொடை வரை தொங்கும். வயலுக்கும் வண்டிக்கும் அது சரி. ஆலைக்குள் சுழலும் பெல்ட்டுக்குப் பக்கத்தில் நிற்பவருக்கு அந்தத் தொங்கல் ஆபத்து. துணி மாட்டினால் ஆளையே இழுத்துவிடும். இயந்திரங்கள் பெருகப் பெருக, உடம்போடு நிற்கும் குட்டை ஜாக்கெட்டும் பேண்டும் பரவின. ஆயத்தமாகத் தைத்து விற்கும் கம்பெனிகளும் வந்தன. லியோன் நகரத்து அதோல்ஃப் லஃபோன், 1913-இல் தொடங்கிய ல மோன் சான் மிஷெல், 1927-இல் தொடங்கிய வெத்ரா, பர்கண்டியில் திகுவான் ஊரில் 1956 முதல் தைக்கும் ல லபுரர் ஆகியவை இந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த பெயர்கள். வெத்ரா என்ற பெயரே 'வேலை உடைகள்' என்பதற்கான இரண்டு பிரெஞ்சுச் சொற்களின் தொடக்கங்களைச் சேர்த்து வைத்ததுதான்.

ஏன் நீலம்?

எண்ணெய்க் கறையும் கரியும் நீலத்தில் அவ்வளவாகத் தெரியாது என்பது ஒன்று. பெரிய காரணம் சாயம். அவுரி நீலம் பழைய காலத்திலிருந்தே நாட்டுப்புறத்து உடைகளின் நிறம். 1897-இல் ஜெர்மனியின் பிஏஎஸ்எஃப் கம்பெனி செயற்கை அவுரியைச் சந்தைக்குக் கொண்டுவந்ததும் நீலம் இன்னும் மலிவாகிவிட்டது. அப்புறம் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அதே ஜெர்மனியில் ஹைட்ரோன் நீலம் என்ற சாயம் வந்தது. அடிக்கடி துவைப்பதைத் தாங்கும் சாயம் அது. பிரெஞ்சு ஜாக்கெட்டுகளில் நாம் பார்க்கிற அந்த ஆழ்ந்த, லேசாக ஊதா தட்டும் நீலத்தைப் பிரெஞ்சுக் கம்பெனிகள் இன்றும் 'ஹைட்ரோன்' என்றே கூப்பிடுகின்றன.

இந்த நீலம் நரைக்கும் விதம் ஜீன்ஸ் போல இருக்காது. ஜீன்ஸில் பாவு நூலுக்கு (நீளவாட்டில் ஓடும் நூல்) மட்டும் மேலோட்டமாக அவுரி ஏற்றியிருக்கும், ஊடை நூல் (குறுக்கே ஓடுவது) வெள்ளை. அதனால் தேயத் தேய உள்ளே இருக்கும் வெள்ளை எட்டிப் பார்க்கும். பிரெஞ்சு வேலை ஜாக்கெட்டின் துணியைப் பெரும்பாலும் நெய்த பிறகு முழுத்துணியாகச் சாயத்தில் முக்கி எடுப்பார்கள். பாவும் நீலம், ஊடையும் நீலம். ஆகவே அது மொத்தமாக வெளுத்து வெளுத்துப் பால் கலந்த நீலத்துக்கு வரும். நிறம் தேர்வு செய்யும்போது இந்த வித்தியாசத்தை முதலில் மனதில் வைக்க வேண்டும். புதிதாக இருக்கும்போது இரண்டும் ஒன்று போலத் தெரியலாம், ஐம்பது துவைப்புக்குப் பிறகு நிச்சயமாக ஒன்றாக இருக்காது.

எல்லாத் தொழிலாளிகளும் நீலம்தான் போட்டார்களா?

இல்லை. மெக்கானிக், ஆலைத் தொழிலாளி, ரயில் எஞ்சினுக்குக் கரி போடுபவர் ஆகியோருக்கு நீலம். பெயின்ட் அடிப்பவருக்கும் ரொட்டி சுடுபவருக்கும் வெள்ளை. ஸ்டோர் பார்க்கிறவர், பள்ளிக்கூட வாத்தியார், மேஸ்திரி போன்றவர்கள் சாம்பல் நிற நீள அங்கி போட்டார்கள். தச்சர்களுக்குக் கறுப்பு. கெட்டியான கறுப்பு மோல்ஸ்கின் (நெருக்கமாக நெய்த பருத்தித் துணி) அல்லது கார்டுராய் துணியில், தொடை முழுக்க அகலமாக இருந்து கணுக்காலில் சட்டென்று குறுகும் பேண்ட் அவர்களுடையது. அதற்கு 'லார்ஜோ' என்று பெயர். உத்தரத்தின் மேல் காலை அகட்டி உட்காரவும் முட்டி மடக்கவும் அந்த அகலம் வேண்டும். கணுக்கால் குறுகினால்தான் ஏணியில் மாட்டாது. கால் பக்கவாட்டில் மடக்கு அளவுகோலுக்கு ஒரு நீளப் பை.

என்னைக் கேட்டால் பிரெஞ்சு வேலை உடைகளிலேயே அழகானது இந்தத் தச்சர் பேண்ட்தான். எல்லோரும் ஜாக்கெட்டின் பின்னாலேயே ஓடுவதால் இது கவனம் பெறாமல் கிடக்கிறது. இன்றைக்கு அகலக் கால் பேண்ட் எல்லோரும் போடும் காலம். புதிதாக வடிவமைக்க வருகிறவர்கள் இதை எடுத்துப் பார்க்கலாம்.

மோல்ஸ்கின் என்பது தோலா?

தோல் கிடையாது, முழுக்க முழுக்கப் பருத்தி. அகழெலியின் ரோமம் போல மெத்தென்று இருப்பதால் அந்தப் பெயர். சாட்டின் வகை நெசவு. ஊடை நூலைப் பாவைவிட மிக நெருக்கமாக அடித்து நெய்வார்கள். அதனால் ஒரு பக்கம் வழவழவென்று லேசாக மினுங்கும், இன்னொரு பக்கம் மெத்தென்று இருக்கும். பிரெஞ்சு ஜாக்கெட்டில் வழவழப்பான பக்கம் வெளியே வரும். எடை பொதுவாக 300 முதல் 400 ஜிஎஸ்எம், அதாவது ஒரு சதுர மீட்டர் துணிக்கு இத்தனை கிராம்.

நெசவு இவ்வளவு நெருக்கமாக இருப்பதால் காற்று புகாது, முள் சட்டென்று குத்தாது, மரத்தூளும் இரும்புப் பொடியும் ஒட்டாமல் உதிர்ந்துவிடும். புதிதில் அட்டை மாதிரி விறைப்பாக இருக்கும். போட்டுத் துவைத்துப் பழகினால் மிருதுவாகும். நல்ல மோல்ஸ்கின்னைக் கையில் கசக்கிப் பாருங்கள். மடிப்பு விழும், ஆனால் கூர்மையான கோடாக விழாது, உருண்டை மடிப்பாக விழும்.

1950-களுக்குப் பிறகு மெல்லிய ட்வில்லும் (சாய்கோடு தெரியும் நெசவுத் துணி), அப்புறம் பாலியெஸ்டர் கலந்த துணியும் மோல்ஸ்கின்னின் இடத்தைப் பிடித்துக்கொண்டன. சீக்கிரம் காயும், இஸ்திரி வேண்டாம், விலையும் குறைவு. ஆனால் அந்தத் துணி அழகாக நரைப்பதில்லை. தேய்ந்து, முடிச்சு முடிச்சாகிப் போகும், அவ்வளவுதான்.

ஒரு பழைய ஜாக்கெட்டைப் பிரித்துப் பார்த்தால் என்ன தெரியும்?

பிரான்சின் வடக்கே லீல் நகரத்தில் செப்டம்பர் முதல் வார இறுதியில் பெரிய பழம்பொருள் சந்தை கூடும், 'பிராதெரி' என்பார்கள். அங்கிருந்து எனக்கு ஒரு மோல்ஸ்கின் ஜாக்கெட் கிடைத்தது. ஒரு வாரம் அதைத் தொடவே மனம் வரவில்லை. பிறகு ஊசி முனையால் ஒவ்வொரு தையலாகப் பிரித்தேன்.

இடது மார்புப் பையைப் பிரித்ததும் அதன் அடியில் இருந்த சதுரம் புது நிறத்தில் இருந்தது. அத்தனை வருடமும் வெயிலும் சோப்பும் படாமல் மூடிக் கிடந்த இடம். அந்தச் சதுரத்தையும் அதைச் சுற்றியிருந்த வெளுத்த நீலத்தையும் பக்கத்தில் பக்கத்தில் பார்த்தபோதுதான் நிறத்தைப் பற்றி நான் படித்ததெல்லாம் நிஜமாகவே புரிந்தது. அந்தப் பையின் வாயில் ஓர் ஓரம் மட்டும் நைந்திருந்தது. பென்சிலோ அளவுகோலோ தினமும் உரசிய இடம்.

கீழே இரண்டு பெரிய ஒட்டுப் பைகள், அடிமூலைகள் வளைவாக வெட்டியவை. கூர்மையான மூலையில் தூசியும் நூல்பஞ்சும் போய் அடையும், வளைவில் அடையாது. பை வாயின் இரண்டு முனையிலும் சின்ன முக்கோணமாகத் தையல் போட்டிருந்தார்கள். கனமான சாமானைப் போட்டால் முதலில் கிழியும் இடம் அதுதான். இன்று நாம் பார்டாக் (கிழியாமலிருக்க முனையில் நெருக்கமாகப் போடும் தையல்) மெஷினில் போடுவதை அன்று நேர்த் தையல் மெஷினிலேயே முன்னும் பின்னும் ஓட்டிப் போட்டிருக்கிறார்கள்.

உள்ளே ஓவர்லாக், அதாவது பிசிறு வராமல் ஓரத்தைச் சுற்றி ஓடும் தையல், எங்குமே இல்லை. எல்லா ஓரமும் ஒன்றுக்குள் ஒன்று மடிந்து, மேலே இரண்டு வரிசைத் தையலோடு படிந்திருந்தது. துணியின் பிசிறு வெளியே தெரியவே தெரியாது. லைனிங் இல்லாத உடைக்கு இது கட்டாயம். உள்பக்கம் உடம்பில் உரசும், அங்கே பிசிறு இருந்தால் நாள் முழுக்கக் கடிக்கும்.

வலது முழங்கையில் ஒட்டுத்துணி. அதுவும் ஒரு மோல்ஸ்கின்தான், வேறொரு பழைய ஜாக்கெட்டில் இருந்து வெட்டியது. கையால் தைத்தது. அதன் ஓரம் மறுபடி தேய்ந்து, அதற்கும் மேல் இழையோடியிருந்தார்கள். இடது முழங்கையில் ஒன்றுமில்லை. அதைப் போட்டவர் வலது கைக்காரர், முழங்கையை எதன் மீதோ ஊன்றி வேலை செய்தவர். அவரைப் பற்றி எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான், ஆனாலும் அந்த ஜாக்கெட்டை மடித்து வைக்கும்போதெல்லாம் அவர் ஞாபகம் வரும்.

அமெரிக்க 'சோர் கோட்'டும் இதுவும் ஒன்றா?

சோர் கோட் என்பது அமெரிக்கத் தொழிலாளிகளின் வேலை ஜாக்கெட். இரண்டும் உறவுக்காரர்கள் என்று சொல்லலாம். அமெரிக்க வகையில் டெனிம் அல்லது கெட்டி கேன்வாஸ், நான்கு பை, பல சமயம் கம்பளி லைனிங், வெளியே பளிச்சென்று தெரியும் மூன்று வரிசைத் தையல். பிரெஞ்சு வகையில் லைனிங் இல்லை, தையல் நூல் துணியின் நிறத்திலேயே ஓடும், காலரின் முனை பெரும்பாலும் உருண்டையாக இருக்கும். இரண்டையும் கலந்து தைப்பவர்கள் உண்டு, தவறில்லை. ஆனால் காண்ட்ராஸ்ட் நூலில் தைத்துவிட்டு அதைப் பிரெஞ்சு வகை என்று விற்காதீர்கள்.

பழைய ஜாக்கெட் எந்தக் காலத்தது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

உள்ளே இருக்கும் லேபிளைப் பாருங்கள். துவைக்கும் தொட்டி, இஸ்திரிப் பெட்டி போன்ற பராமரிப்புச் சின்னங்கள் இருந்தால் அது 1960-களுக்கு முந்தையதாக இருக்க முடியாது. அந்தச் சின்னங்களை நிர்வகிக்கும் ஜினெடெக்ஸ் அமைப்பு பாரிசில் 1963-இல்தான் தொடங்கியது. பாலியெஸ்டர் சதவீதம் போட்டிருந்தாலும் அதே காலம் அல்லது அதற்குப் பிறகு. 'சான்ஃபரைஸ்டு' என்று இருந்தால் 1930-களுக்குப் பிறகு. துணியை முன்கூட்டியே சுருக்கும் அந்த முறைக்கு அமெரிக்காவில் சான்ஃபர்ட் க்ளூவெட் காப்புரிமை வாங்கியது 1930-இல். 'க்ரான் தான்' என்ற பிரெஞ்சுச் சொல் அடிக்கடி வரும், நிறம் போகாது என்று அர்த்தம். அது காலத்தைச் சொல்லாது.

அளவு எண்ணைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். 50 என்று போட்டிருந்தால் மார்புச் சுற்றளவில் பாதி, அதாவது 100 சென்டிமீட்டர் மார்புக்காரருக்கானது. ஆனாலும் வாங்கும் முன் டேப் வைத்து அளந்துவிடுங்கள். பழைய ஜாக்கெட் எத்தனை முறை சுருங்கியதோ யாருக்குத் தெரியும்.

புதிதாக வடிவமைக்கும்போது எதை அப்படியே வைக்க வேண்டும், எதை மாற்றலாம்?

இந்தப் பக்கத்தில் நான் மிகவும் சொல்ல விரும்புவது இந்தப் பதிலைத்தான். பழைய ஜாக்கெட்டில் ஒவ்வொன்றும் ஏன் அப்படி இருக்கிறது என்று முதலில் கேளுங்கள். காரணம் இன்றும் இருந்தால் அதை வையுங்கள். காரணம் போய்விட்டிருந்தால் அந்த இடத்தில் இன்றைய காரணம் ஒன்றைத் தேடுங்கள்.

உதாரணத்துக்கு, மார்புப் பை. அன்று பென்சிலும் நோட்டும் வைக்க. இன்று போன் வைக்க என்று நினைத்து அதை அப்படியே பெரிதாக்குகிறார்கள். போன் 200 கிராம் வரை இருக்கும். மார்புப் பையில் போட்டுக் குனிந்தால் வெளியே விழும், நிமிர்ந்தால் ஜாக்கெட்டின் ஒரு பக்கத்தைக் கீழே இழுக்கும். நாங்கள் பல சாம்பிள் போட்டுப் பார்த்துவிட்டு, கீழே உள்ள வலது ஒட்டுப் பைக்கு உள்ளேயே, பக்கத் தையலில் வாய் திறக்கும் இன்னொரு பை வைத்தோம். வெளியே பார்த்தால் பழைய மூன்று பைதான். உள்ளே போன் ஆடாமல் இடுப்போடு நிற்கிறது. மார்புப் பையைச் சின்னதாகப் பேனாவுக்கே விட்டுவிட்டோம்.

மணிக்கட்டுப் பட்டன் ஒன்றே ஒன்று, அதை விடாதீர்கள். கையை மடித்துவிட வசதி. சைக்கிள் ஓட்டுபவருக்கும் சமைப்பவருக்கும் அது இன்றும் வேண்டும். லைனிங் சேர்க்காதீர்கள். லைனிங் போட்ட நிமிடமே அது கோட் ஆகிவிடும், உள்ளே தையலைச் சுத்தமாக முடிக்க வேண்டிய கட்டாயமும் போய்விடும். அதன் பிறகு தரம் மெல்ல மெல்ல இறங்கும், இதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

தோளும் ஆர்ம்ஹோலும் (உடம்போடு கையைப் பொருத்தும் துளை) மாற்றத்தான் வேண்டும். பழைய வெட்டு கையை முன்னால் நீட்டி வேலை செய்பவருக்கானது, சும்மா நிற்கும்போது முதுகில் துணி தொங்கும். அந்தத் தொங்கல் பிடித்திருந்தால் வைத்துக்கொள்ளலாம். பிடிக்கவில்லை என்றால் ஆர்ம்ஹோலைக் கொஞ்சம் மேலே ஏற்றுங்கள். ஏற்றினால் ஜாக்கெட் ஒல்லியாகத் தெரியும், அதே சமயம் கையைத் தூக்கினால் கீழ்விளிம்பு மேலே ஏறாது. ஆர்ம்ஹோலை இறக்கினால்தான் கை நன்றாக அசையும் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். உண்மை நேர் எதிர். உங்கள் கட்டிங் மாஸ்டரிடம் இரண்டு விதமாகவும் சாம்பிள் போடச் சொல்லி, மாட்டிக்கொண்டு மேல் அலமாரியில் இருந்து ஒரு டப்பாவை எடுத்துப் பாருங்கள், உடனே தெரியும்.

காலர் மட்டும் ரசனை சார்ந்தது. உருண்டை முனையைக் கூர்முனை ஆக்கினால் சட்டை போலாகிவிடும். எனக்கு உருண்டைதான் பிடிக்கும்.

துணி வாங்குவதில் எங்கே தவறு நடக்கும்?

சுருக்கத்தில். எங்கள் முதல் இருபது ஜாக்கெட்டுக்கான ட்வில் துணியை ஒரு வியாபாரியிடம் எடுத்தோம். சுருங்காது, முன்பே சுருக்கியதுதான் என்றார். நாங்களும் துவைத்துப் பார்க்காமல் வெட்டிவிட்டோம். முதல் துவைப்பிலேயே கை நீளம் ஓர் அங்குலத்துக்கு மேல் போய்விட்டது. இருபதும் வீண். அன்றிலிருந்து எந்தத் துணி வந்தாலும் 50-க்கு 50 சென்டிமீட்டர் சதுரம் வரைந்து, மூன்று முறை துவைத்துக் காயவைத்து, பாவுப் பக்கமும் ஊடைப் பக்கமும் தனித்தனியாக அளந்து பார்த்துவிட்டுத்தான் பேட்டர்ன் போடுகிறோம். பருத்தியில் பாவுப் பக்கம்தான் பொதுவாக அதிகம் சுருங்கும்.

இன்னொன்று நூல். தைத்த பிறகு சாயம் போடுவதாக இருந்தால் பாலியெஸ்டர் நூலில் தைக்கக் கூடாது. பருத்திக்கான சாயம் பாலியெஸ்டரில் ஏறாது, தையல் மட்டும் வெள்ளையாகத் துருத்திக்கொண்டு நிற்கும். பருத்தி நூலில் தைத்தால் துணியோடு சேர்ந்து சாயமும் பிடிக்கும், துணியோடு சேர்ந்து நரைக்கவும் செய்யும். பலம் சற்றுக் குறைவுதான், அதற்குத் தகுந்த மாதிரி பார்டாக் கூடுதலாகப் போடுங்கள்.

புது ஜாக்கெட்டைப் பழையது மாதிரி வெளுக்க வைக்கலாமா?

கல் போட்டுத் துவைக்கலாம், என்ஸைம் போட்டுத் துவைக்கலாம். விறைப்பைக் குறைப்பதற்காக ஒரு முறை மென்மையாகத் துவைத்துத் தருவதில் தவறில்லை, நாங்களும் அதைச் செய்கிறோம். ஆனால் முழங்கையில் உப்புத்தாள் தேய்ப்பது, கிழியாத இடத்தில் ஒட்டுப் போடுவது, பெயின்ட் தெளிப்பது இவற்றைச் செய்ய மாட்டோம். மேலே சொன்ன ஜாக்கெட்டின் முழங்கை ஒட்டு ஒருவருடைய வேலையால் வந்தது, இன்னொருவர் உட்கார்ந்து தைத்தது. அதை ஆயிரம் ஜாக்கெட்டில் ஒரே இடத்தில் ஒரே மாதிரி அச்சடிப்பது எனக்கு வலிக்கிறது. போடுபவருக்கு அந்த நரையை அவரே சம்பாதிக்கிற வாய்ப்பைக் கொடுங்கள். இரண்டு வருடம் போதும்.

வெயில் காலத்துக்கு இது ஆகுமா?

மோல்ஸ்கின் ஆகாது. பிரான்சிலேயே கோடைக்கு வேறு துணி இருந்தது. லினனும் பருத்தியும் கலந்து நெய்த 'மெதீஸ்' துணி, மெல்லிய சாதா நெசவுப் பருத்தி, காலர் இல்லாத தாத்தா சட்டை இவையெல்லாம் வெயிலுக்கானவை. 180 முதல் 220 ஜிஎஸ்எம் வரையிலான லினன் கலவையில் அதே மூன்று பை ஜாக்கெட்டைத் தைத்தால் நன்றாக நிற்கும். அதற்குக் கீழே மெல்லிசாகப் போனால் பெரிய ஒட்டுப் பைகள் தொய்ந்துவிடும்.

பெண்களுக்குத் தைக்கும்போது அளவைக் குறைத்தால் போதாதா?

போதாது. நேர்வெட்டு ஜாக்கெட்டை அப்படியே சின்னதாக்கினால் மார்பில் இழுத்து, முன்பக்கம் கீழே விரிந்து நிற்கும். டார்ட் (உடம்பின் வளைவுக்காகத் துணியை மடித்துத் தைப்பது) தேவைப்படும், ஆனால் டார்ட் கண்ணுக்குத் தெரிந்தால் வேலை உடையின் எளிமை கெட்டுவிடும். டார்ட்டின் முனையை மார்புப் பைக்கு அடியில் மறைக்கலாம். அல்லது தோளுக்குக் கீழே ஒரு யோக் தையல் (தோள்பகுதியைத் தனித் துண்டாக வெட்டிச் சேர்க்கும் தையல்) கொடுத்து அதற்குள் அந்த அளவை விழுங்கலாம். பைகளைக் குறைக்காதீர்கள். கை முழுசாக நுழையும் பை வேண்டும் என்பதுதான் எங்களிடம் வரும் பெண்கள் முதலில் கேட்பது.

கோடு போட்ட பிரெஞ்சு பனியனும் இதில் சேருமா?

அது கடற்படையின் உள்ளுடை. 1858 மார்ச் 27 அன்று வந்த ஆணையில் உடம்புப் பகுதிக்கு 21 வெள்ளைக் கோடு, ஒவ்வொன்றும் நீலக் கோட்டைப் போல இரண்டு மடங்கு அகலம் என்று வரையறுத்தார்கள். நெப்போலியனின் 21 வெற்றிகளைக் குறிக்கிறது என்ற கதைக்கு ஆதாரம் இல்லை. நீல ஜாக்கெட்டோடு சேர்த்துப் போட்டால் அழகாக இருக்கும், ஆனால் அது வேறு குடும்பம்.

உழைப்பாளியின் உடையை ஃபேஷனாக விற்பது சரியா?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் மீது எனக்கு மரியாதை உண்டு. நானும் பல நாள் யோசித்திருக்கிறேன். நீல உடை பிரான்சில் ஒரு வர்க்கத்தின் அடையாளம். 'நீலக் காலர்' என்றால் தொழிலாளி, 'வெள்ளைக் காலர்' என்றால் ஆபீஸ்காரர். 1936-இல் பிரெஞ்சுத் தொழிலாளர்கள் ஆலைகளுக்குள்ளேயே உட்கார்ந்து போராடி, வாரம் 40 மணி நேர வேலையும் சம்பளத்தோடு இரண்டு வார விடுமுறையும் பெற்றார்கள். அதே வருடம் ஜூலை 30 அன்று, பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரியில், 8 மணி நேர வேலை உள்ளிட்ட கோரிக்கைகளுக்காகப் போராடிய சவானா ஆலைத் தொழிலாளர்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. 12 பேர் இறந்தார்கள்.

இதையெல்லாம் தெரிந்துகொண்டு செய்தால் தவறில்லை என்று நினைக்கிறேன். வடிவமைப்பாளர்கள் வேலை உடையிலிருந்து எடுப்பது புதிதும் அல்ல. 1962-இல் பிரெஞ்சு வடிவமைப்பாளர் இவ் சான் லோரன் தன் சொந்தப் பெயரில் காட்டிய முதல் தொகுப்பே மாலுமிகளின் கெட்டிக் கோட்டோடுதான் தொடங்கியது. நியூயார்க்கின் தெருப் புகைப்படக்காரர் பில் கன்னிங்ஹாம் 2016-இல் இறக்கும் வரை பாரிசில் வாங்கிய நீல வேலை ஜாக்கெட்டோடுதான் சைக்கிளில் சுற்றினார். விலை குறைவு, பை அதிகம், கேமரா உரசினாலும் தாங்கும் என்பதற்காகப் போட்டார். அவர் போட்டதும் வேலைக்காகத்தான்.

நான் எனக்கு வைத்திருக்கும் கட்டுப்பாடு ஒன்று உண்டு. தொழிலாளி உடை என்று சொல்லி விற்கிற ஜாக்கெட்டைத் தைக்கும் தொழிலாளிக்குக் கூலி நியாயமாக இருக்க வேண்டும், ஓவர்டைம் இரவு பத்து மணி வரை போகக் கூடாது. அது முடியாத மாதம் ஆர்டரைக் குறைத்துக்கொள்கிறோம்.

புதுச்சேரித் துணிக்கும் இந்த நீலத்துக்கும் தொடர்பு உண்டா?

நேரடித் தொடர்பு இல்லை, ஆனால் தெரிந்துகொள்ள வேண்டிய கதை. புதுச்சேரியைச் சுற்றி நெய்து, அவுரியில் கறுநீலமாகத் தோய்த்த பருத்தித் துணிக்குப் பிரெஞ்சுக்காரர்கள் 'கினே' என்று பெயர் வைத்தார்கள். அந்தத் துணி பிரெஞ்சுத் தொழிலாளியின் முதுகுக்குப் போகவில்லை. 19-ஆம் நூற்றாண்டில் கப்பலேறி, போர்தோ வழியாக மேற்கு ஆப்பிரிக்காவின் செனகலுக்குப் போனது. அங்கே செனகல் ஆற்றங்கரையில் கருவேலம்பிசின் வாங்க அதுதான் பணம் மாதிரிச் செலாவணி ஆனது. இவ்வளவு துணிக்கு இவ்வளவு பிசின் என்று கணக்கு. பிரெஞ்சு நீலம் என்றதும் ஜெர்மன் சாயத்தை மட்டும் சொல்லிவிட்டு, நம் சாயக்காரர்களின் கையை விட்டுவிடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

இதைப் போட்டுக்கொண்டு வெல்டிங் வேலை செய்யலாமா?

வேண்டாம். கெட்டிப் பருத்தி தீப்பொறி பட்டால் கருகும், பாலியெஸ்டர் போல உருகித் தோலில் ஒட்டாது, அது உண்மை. ஆனாலும் இன்றைய பாதுகாப்பு உடைகளுக்குத் தனித் தரம் உண்டு. வெல்டிங்குக்கு இஎன் ஐஎஸ்ஓ 11611 முத்திரை உள்ள உடையைத்தான் போட வேண்டும். நாங்கள் தைப்பது தோட்ட வேலை, தச்சுப் பொழுதுபோக்கு, சமையல், வண்டி துடைப்பது இதுவரைக்கும்.

பழைய கம்பெனியின் வெட்டைக் காப்பியடித்தால் பிரச்சினை வருமா?

மூன்று பை நீல ஜாக்கெட் என்ற பொது வடிவத்துக்கு யாரும் சொந்தக்காரர் இல்லை, டஜன் கணக்கான கம்பெனிகள் ஒரே காலத்தில் தைத்தது. ஆனால் பழைய லேபிளின் பெயர், படம், எழுத்து வடிவம் ஆகியவற்றை எடுத்துப் போடாதீர்கள். அந்தக் கம்பெனிகளில் சில இன்னும் உயிரோடு தைத்துக்கொண்டிருக்கின்றன.

நான் புதிதாகத் தொடங்குகிறேன். முதலில் எதைத் தைப்பது?

ஜாக்கெட்டில் தொடங்காதீர்கள். ஒரு பையில் தொடங்குங்கள். 300 ஜிஎஸ்எம் ட்வில்லில் ஒரு முழத் துணி எடுத்துத் துவைத்துக் காயவையுங்கள். அதன் மேல் வளைவு மூலை வைத்த ஒட்டுப் பை ஒன்றைத் தையுங்கள். வளைவில் துணியை மடிப்பதற்கு முன் ஓரமாக ஒரு தளர்ந்த தையல் ஓட்டி நூலை லேசாகச் சுண்டினால் வளைவு தானாக உள்ளே திரும்பும். அட்டையில் பையின் வடிவத்தை வெட்டி, அதன் மேல் வைத்து இஸ்திரி போட்டால் இரண்டு மூலையும் ஒன்று போல வரும். வாய் முனைகளில் முக்கோணத் தையல் போடுங்கள். அப்புறம் அதற்குள் ஒரு சுத்தியலைப் போட்டு, துணியை ஆணியில் தொங்கவிட்டு, ஒரு வாரம் விட்டுப் பாருங்கள்.

வாய் தொய்ந்திருந்தால் உள்மடிப்பை இன்னும் அகலமாக்குங்கள். முனை பிய்ந்திருந்தால் தையலுக்கு உள்பக்கம் ஒரு சின்னத் துணித்துண்டு வைத்துத் தையுங்கள். ஏழாவது எட்டாவது பையில் கை பழகிவிடும். அதற்குப் பிறகு காலருக்குப் போகலாம்.